ஆயிரம் சேனல், ஒரே ‘இப்போ’!

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணல் படிந்து கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கைகர் கருவியைக் கொண்டுபோய்ப் பாருங்கள், அது சும்மா இருக்காது. டிக், டிக்டிக், டிக்டிக்டிக் என்று ஒரே ஆர்ப்பாட்டம்தான். இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் எல்லாம் கலந்த இந்த மணலில் மோனசைட்டும் இருக்கிறது, மோனசைட்டுக்குள் தோரியம் இருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்து 1909-இல் இதைக் கண்டுபிடித்தவர் சோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர். அடுத்த ஆண்டே நம் ஊரில் மோனசைட் பிரிக்கும் ஆலை எழும்பிவிட்டது. இன்று ஐ.ஆர்.இ.எல். ஆலை நடக்கும் ஊர் இது. இதெல்லாம் நம் பக்கத்தில் யாருக்கும் புதிதில்லை.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் தருவது வேறொன்று. அந்த டிக்குகளில் சில மணலிலிருந்து வருவதே இல்லை. வானத்திலிருந்து வருகின்றன!

விண்வெளியிலிருந்து பாய்ந்துவரும் காஸ்மிக் கதிர்கள் நம் வளிமண்டலத்தின் உச்சியில் மோதி உடைகின்றன. அந்த உடைசலில் பிறக்கும் மியூவான் என்ற துகள்கள் கடல்மட்டம் வரைக்கும் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று. உள்ளங்கையை விரித்து வைத்தால் நிமிடத்துக்கு நூறு மியூவான் கையைத் துளைத்துக்கொண்டு போகிறது. நீங்கள் இதைப் படிக்கும்போதும் போகிறது!

எந்த டிக் மணலுடையது, எந்த டிக் வானத்துடையது? ஒரு கருவியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கருவியை வையுங்கள். மணலின் காமா கதிர் பெரும்பாலும் ஒன்றில் மட்டும்தான் தட்டும். மியூவானோ இரண்டையும் ஊடுருவிக்கொண்டு போகும். இரண்டும் ஒரே கணத்தில் தட்டினால் அது வானத்து விருந்தாளி! 1920-களில் இயற்பியலாளர் வால்தர் போத்தே இந்த உத்தியைக் கையாண்டார், 1930-இல் இன்னொரு இயற்பியலாளரான புரூனோ ரோஸி அதற்கு ரேடியோ வால்வு வைத்த மின்சுற்றே செய்து காட்டினார். போத்தேவுக்கு இதற்காகவே 1954-இல் நோபல் பரிசும் வந்தது.

எல்லாம் சரி. ‘ஒரே கணம்’ என்று யார் சொல்வது? முதல் கருவியின் கடிகாரமா, இரண்டாவதின் கடிகாரமா? தரவு திரட்டும் போர்டு ஒன்றோடு இன்னொன்றைச் சேர்த்துக் கட்டும் எல்லாருடைய தூக்கத்தையும் கெடுக்கும் கேள்வி இதுதான். இதற்குப் பதில் தேடி ஊட்டி மலை வரைக்கும் போகப் போகிறோம். அதற்கு முன்னால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

என் அக்கா மகன் பொறியியல் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் மேசைப் பலகைக்கு அடியில் பன்னிரண்டு பீசோ தகடுகளை வரிசையாக ஒட்டிவிட்டான். பொம்மைகளுக்குள் ‘கீ’ என்று கத்துமே, அந்தப் பித்தளை வட்டம்தான். அதைத் தட்டினால் சின்னதாக மின்னழுத்தம் கொடுக்கும். மேசையில் யார் எங்கே தட்டினாலும் அந்த இடத்தைக் கம்ப்யூட்டர் திரையில் புள்ளியாகக் காட்ட வேண்டும் என்பது அவன் திட்டம். தட்டிய அதிர்வு பக்கத்துத் தகட்டுக்கு முதலில் போகும், தூரத்துத் தகட்டுக்குப் பிந்திப் போகும். அந்த நேர வித்தியாசத்திலிருந்து இடத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். அவனிடம் இருந்த தரவு திரட்டும் கார்டில் எட்டு சேனல்தான் இருந்தது, அதாவது எட்டுத் தகட்டைத்தான் அதில் இணைக்க முடியும். அதே மாதிரி இன்னொரு கார்டு வாங்கினான். எட்டும் எட்டும் பதினாறு, கணக்கு சரியாகத்தானே இருக்கிறது!

“மாமா, இங்க வந்து பாருங்க. நான் ஒரு தட்டுதான் தட்டினேன். ரெண்டு கார்டும் ரெண்டு நேரம் சொல்லுது!”

ஏன் என்று பார்த்தால் அத்தனை அழகு. ஒவ்வொரு கார்டுக்குள்ளும் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய படிகம் ஒன்று உட்கார்ந்து துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் கார்டுக்குக் கடிகாரம். சாதாரண விலைக்குக் கிடைக்கும் படிகங்கள் இரண்டை எடுத்தால், பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு அளவுக்கு வேகம் மாறியிருப்பது சகஜம். அதாவது ஒரு விநாடிக்கு 50 மைக்ரோ விநாடி பிசகு. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது, இல்லையா? பத்து நிமிடம் ஓடவிட்டால் அது 30 மில்லி விநாடி ஆகிவிடும். மேசைப் பலகையில் அதிர்வு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஒன்றிரண்டு மில்லி விநாடி போதும். 30 மில்லி விநாடிப் பிசகு என்றால், கணக்குப்படி தட்டியவர் மேசையில் இல்லை, முற்றம் தாண்டிப் பக்கத்து வீட்டுத் தென்னை மூட்டில் நிற்கிறார்! போதாக்குறைக்கு, யு.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டர் ‘ஆரம்பி’ என்று சொல்வது ஒவ்வொரு கார்டுக்கும் ஒவ்வொரு நேரத்தில் போய்ச் சேருகிறது. ஓட்டம் தொடங்குவதே முன்னும் பின்னும்தான்.

கரமடி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டு கயிற்றிலும் எத்தனை ஆள் நின்றாலும் ஒரே ‘ஏலேலோ’வுக்கு இழுத்தால்தான் வலை நேராகக் கரைக்கு வரும்.

அவன் செய்த வைத்தியத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம், இதுதான் முழு விஷயத்துக்கும் உயிர்நாடி. முதல் கார்டை மாஸ்டர் ஆக்கினான். அதன் சாம்பிள் கிளாக், அதாவது எப்போது அளவெடுக்க வேண்டும் என்று சொல்லும் துடிப்பு, வெளிவரும் பின்னிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, இரண்டாவது கார்டின் வெளிக் கிளாக் வாங்கும் பின்னில் சொருகினான். இரண்டாவது கார்டின் சொந்தப் படிகத்துக்கு ஓய்வு கொடுத்தாயிற்று, இனி மாஸ்டரின் துடிப்புக்குத்தான் அது சாம்பிள் எடுக்கும். அடுத்து, ‘ஆரம்பி’ என்று சொல்லும் டிரிகருக்கு ஒரு ஒயர். இரண்டாவது கார்டை முதலிலேயே தயாராக நிறுத்திவைத்துவிட்டு, மாஸ்டரைக் கடைசியில் கிளப்ப வேண்டும். மாற்றிச் செய்தால் மாஸ்டர் கொடுத்த முதல் துடிப்புகளை மற்றது தவறவிட்டுவிடும். மூன்றாவது ஒயர் கிரவுண்ட். நிறையப் பேர் மறந்துபோவது இந்த மூன்றாவதைத்தான். இரண்டு கார்டுக்கும் பூஜ்ய வோல்ட் எது என்பதில் சம்மதம் இல்லாவிட்டால் கிளாக் துடிப்பே கந்தலாகித்தான் போய்ச் சேரும்.

மறுபடியும் ஒரு தட்டு. திரையில் பன்னிரண்டு கோடுகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கட்டு மாதிரி துள்ளின. புள்ளி, தட்டிய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. அக்கா கையிலிருந்த தோசைக் கரண்டியால் மேசையின் நாலு மூலையிலும் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குத் திரும்பினாள்!

இதே வித்தையைத் தொழிற்சாலை அளவில் செய்ய ஏற்பாடுகள் எப்போதோ வந்துவிட்டன. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கார்டிலிருந்து கார்டுக்குத் தாவும் பட்டை கேபிள் ஒரு வகை. 1997-இல் வந்த பி.எக்ஸ்.ஐ. பெட்டிகளில் போர்டுகளைச் சொருகும் பின்பலகையிலேயே 10 மெகாஹெர்ட்ஸ் பொதுக் கிளாக் ஓடுகிறது. போர்டைச் சொருகினால் போதும், கடிகாரம் தானாகக் கிடைத்துவிடும். கிளாக் வாங்கும் பின்னே இல்லாத மலிவான கார்டு வைத்திருப்பவர்களும் மனம் தளர வேண்டாம். ஒவ்வொரு கார்டிலும் ஒரு சேனலைத் தியாகம் செய்து, எல்லாவற்றுக்கும் ஒரே துடிப்பைக் கொடுங்கள். ஜி.பி.எஸ். கருவி விநாடிக்கு ஒரு துடிப்பு தரும், அதுவே போதும். பிறகு அந்தத் துடிப்புகளைப் பார்த்துப் பார்த்து மென்பொருளில் கோடுகளை இழுத்துப் பொருத்திவிடலாம். ஒரு சேனல் போனாலும் மற்றதெல்லாம் ஒழுங்குக்கு வந்துவிடும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. எட்டு சேனல் கார்டு என்று பெட்டியில் போட்டிருந்தாலும், பல கார்டுகளில் அனலாக்கை எண்ணாக மாற்றும் சில்லு ஒன்றுதான் இருக்கும். அது சேனல் சேனலாகச் சுற்றிச் சுற்றிப் படிக்கும். அப்படியானால் ஒரே கார்டுக்குள்ளேயே முதல் சேனலுக்கும் எட்டாவது சேனலுக்கும் நேர இடைவெளி இருக்கிறது! எல்லாச் சேனலையும் ஒரே கணத்தில் பிடிக்கும் கார்டுக்கு விலை ஏன் அதிகம் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

இனி ஊட்டிக்குப் போகலாம்.

ஊட்டியில், கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. அங்கே இந்திய, ஜப்பானிய விஞ்ஞானிகள் சேர்ந்து நடத்தும் சோதனைக்கு கிரேப்ஸ்-3 என்று பெயர். மலைச்சரிவில் 8 மீட்டருக்கு ஒன்றாகக் கூம்புத் தொப்பி போட்ட பெட்டிகள் வரிசையாக நிற்கும். அவை துகள் பட்டால் ஒளிரும் சிண்டிலேட்டர் கருவிகள், 400 அளவுக்கு இருக்கின்றன. அவற்றின் நடுவே கனமான கான்கிரீட் அடுக்குகளைச் சுமந்த கூடங்கள் தெரிகின்றன அல்லவா? அங்கேதான் நாம் எட்டிப் பார்க்கப் போகிறோம்.

உள்ளே 3,712 இரும்புக் குழாய்கள்! ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுர வாய். இவை எங்கிருந்து வந்தன தெரியுமா? கோலார் தங்கவயலிலிருந்து! தங்கச் சுரங்கத்துக்குள், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், புரோட்டான் சிதைகிறதா என்று 1980-களில் காத்திருந்த சோதனையின் குழாய்கள் இவை. அந்த மண்ணைத் தோண்டிய கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். சுரங்கச் சோதனை முடிந்ததும் குழாய்கள் மலையேறி ஊட்டிக்கு வந்துவிட்டன. பாதாளத்தில் ஒரு பிறவி, மலையுச்சியில் மறுபிறவி! பழைய இரும்பை எடைக்குப் போடாமல் உலகத்தரமான தொலைநோக்கியாக்கிய அந்த மனசை நினைத்து நினைத்து வியக்கிறேன்.

ஒரு குழாயை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். நடுவே தலைமுடி கனத்தில் ஒரு டங்ஸ்டன் கம்பி. சுற்றிலும் ஆர்கான் 90 சதவீதமும் மீத்தேன் 10 சதவீதமும் கலந்த வாயு. கம்பிக்கு ஏறக்குறைய 3,000 வோல்ட். ஒரு மியூவான் குழாயைக் கடக்கும்போது வாயுவிலிருந்து எலக்ட்ரான்களை உதிர்த்துவிட்டுப் போகும். அவை கம்பியை நோக்கி ஓடும், கிட்டே நெருங்க நெருங்க மற்ற அணுக்களிலிருந்தும் எலக்ட்ரான்களை உதிர்த்துக்கொண்டு பெருங்கூட்டமாகப் போய் விழும். கம்பியில் குட்டியாக ஒரு மின்துடிப்பு எழும். இது ஒரு சேனல். இதைப் போல 58 குழாய்கள் ஓர் அடுக்கு. நாலு அடுக்கு சேர்ந்தால் ஒரு தொகுதி. அதாவது 232 சேனல். அப்படிப் பதினாறு தொகுதிகள், மொத்தம் 560 சதுர மீட்டர் பரப்பு.

அடுக்குகளை ஒன்றுக்கொன்று குறுக்காகப் போட்டிருக்கிறார்கள். நடுவில் கான்கிரீட் கட்டிகள், தலைக்கு மேலும் கான்கிரீட். அவ்வளவு கனத்தையும் துளைத்துக்கொண்டு, நாலு அடுக்கிலும் ஒரே சமயத்தில் துடிப்பு எழுப்பினால்தான் ‘மியூவான் வந்தது’ என்று கணக்கில் சேரும். மணவாளக்குறிச்சி மணலில் இரண்டு கருவியை அடுக்கச் சொன்னோமே, அதே உத்திதான் நாலு மாடிக் கட்டடமாக இங்கே நிற்கிறது! எந்த அடுக்கில் எந்தக் குழாய் தட்டியது என்று கோடு போட்டுப் பார்த்தால் மியூவான் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிடும். வானத்தை 169 திசைகளாகப் பிரித்து வைத்து எண்ணுகிறார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 400 கோடி மியூவான்கள். விநாடிக்கு நாற்பதாயிரத்துக்கும் மேல். இந்த வேகத்தில் ஒவ்வொரு துடிப்பும் தன் நேரத்தோடும் தன் முகவரியோடும் வந்து பதிவாக வேண்டும். நினைத்தாலே மூச்சு முட்டுகிறது.

இத்தனை சேனல் எதற்கு என்று கேட்கலாம். காரணம் எண்ணிக்கையின் குணத்தில் இருக்கிறது. தற்செயலாக விழும் துகள்களை எண்ணினால், நூறு எண்ணும்போது பத்து ஏறலாம், இறங்கலாம். அதாவது 10 சதவீதம் தள்ளாட்டம். பத்தாயிரம் எண்ணினால் தள்ளாட்டம் ஒரு சதவீதம். பத்து லட்சம் எண்ணினால் 0.1 சதவீதம். வானத்தில் நடக்கும் மாற்றம் ஒன்றிரண்டு சதவீதம்தான், அதுவும் பத்திருபது நிமிடத்துக்குள் வந்து போய்விடும் என்றால், அந்த நேரத்துக்குள் லட்சம் லட்சமாக எண்ணியாக வேண்டும். ஒரு குழாயால் ஆகுமா? ஆயிரக்கணக்கில் வேண்டும், அத்தனையும் ஒரே ‘இப்போ’வில் இருக்க வேண்டும்.

2014 டிசம்பர் 1 அன்று அப்படியொரு மாற்றம் வந்தது. ஊட்டிக்கு மேலே ஒரு இடிமேகம் நகர்ந்து போனது. மணிக்கு சுமார் 60 கிலோமீட்டர் வேகம், 11.4 கிலோமீட்டர் உயரம், பரப்பு 380 சதுர கிலோமீட்டருக்குக் குறையாது. அது கடந்துபோகும்போது மியூவான் எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் சரிந்தது. மியூவான்களில் நேர்மின் சுமை உள்ளவை எதிர்மின் சுமை உள்ளவற்றைவிடக் கொஞ்சம் அதிகம். மேகத்தின் மின்புலம் ஒரு வகைக்கு வேகத்தைக் கூட்டி மற்றொரு வகைக்குக் குறைக்கும்போது இரண்டும் சமமாகிப் போவதில்லை, வித்தியாசம் கணக்கில் தெரிந்துவிடுகிறது. அந்தச் சின்னச் சரிவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், மேகத்துக்குள் இருந்த மின்னழுத்தம் 1.3 ஜிகாவோல்ட்! நூற்று முப்பது கோடி வோல்ட்! அதுவரை விமானமும் பலூனும் அனுப்பி அளந்தவர்கள் இதற்குக் கிட்டக்கூட வந்ததில்லை. இடிமேகத்துக்குள் இப்படிப்பட்ட அழுத்தம் இருக்க முடியும் என்று இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் சொல்லி ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆகியிருந்தன. சுனில் குப்தா தலைமையில் வேலை பார்த்த ஊட்டிக் குழு 2019-இல் ‘பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் அதை எண்ணோடு வெளியிட்டது. தரையில் ஆறு கிலோமீட்டர் வரை தள்ளித் தள்ளி வைத்திருந்த நாலு மின்புல அளவிகளும் சாட்சி சொன்னதால்தான் மேகத்தின் உயரமும் வேகமும் பிடிபட்டன. தனித்தனியாக இருந்த கருவிகளை ஒரே நேரக்கோட்டில் நிறுத்திப் பார்த்ததற்குக் கிடைத்த கூலி அது.

வெளியே கூம்புத் தொப்பிகளிடம் வந்தால் ஆட்டம் இன்னும் நுணுக்கம். அங்கே நேரத்தை எண்ணுவது நானோ விநாடியில். பெரிய காஸ்மிக் கதிர் ஒன்று மோதினால் துகள்கள் ஒரு தட்டையான திரை மாதிரி சேர்ந்து இறங்கும். சாய்ந்து வந்தால் ஒரு பெட்டியை முதலிலும் அடுத்த பெட்டியைச் சற்றுப் பிந்தியும் தொடும். ஒளி ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர் போகும். 30 பாகை சாய்வில் வரும் திரைக்கு, 8 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கிடைக்கும் வித்தியாசம் சுமார் 13 நானோ விநாடி. கோஆக்சியல் கேபிளில் சிக்னல் ஒரு நானோ விநாடிக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர்தான் போகும். ஆகவே ஒரு கேபிள் மற்றதைவிட ஒரு முழம் நீளமாக இருந்தாலே இரண்டு நானோ விநாடிக்கு மேல் பிசகு, வானத்தில் கதிர் வந்த திசை மாறிப்போகும்! காலையில் குளிர்ந்தும் மதியம் காய்ந்தும் கிடக்கும் கேபிளில் தாமதமே கொஞ்சம் மாறும். அதையும் அளந்து, அதையும் கழித்து, அதற்குப் பிறகுதான் வானம்.

மதுரையிலும் ஒரு கூடம் இருக்கிறது, அதைக் காட்டாமல் விடமாட்டேன். நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்துக்காகக் கட்டிய மினி-ஐகால். 4 மீட்டர் சதுரத்தில் பதினொரு இரும்பு அடுக்குகள், 85 டன் எடை, நடுவே இருபது கண்ணாடி உணரிகள். ஒவ்வொரு உணரிக்கும் இந்தப் பக்கம் 64 பட்டை, அந்தப் பக்கம் 64 பட்டை, ஆக 128 சேனல். ஒவ்வொன்றின் மூலையிலும் தனக்கென்று ஒரு தரவுப் போர்டு, அங்கிருந்து ஈதர்நெட். போர்டு சொந்தமாக இருந்தாலும் கடிகாரம் சொந்தமில்லை, பொதுக் கிளாக் ஒரே இடத்திலிருந்து எல்லாவற்றுக்கும் போகிறது. இது சின்ன மாதிரிதான். தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் கட்டத் திட்டமிட்ட பெரிய கருவிக்குக் கணக்கு 28,800 உணரிகள், அதாவது 36 லட்சத்துக்கும் மேல் சேனல்கள்! அந்த மலையைக் குடைவது குறித்து எழுந்த எதிர்ப்பும் வழக்கும் தனிக்கதை, அது தனியாகவும் பொறுமையாகவும் எழுத வேண்டியது. போர்டு கட்டும் கலையை மட்டும் பார்த்தால், மதுரையில் இருப்பது கண்கொள்ளாக் காட்சி.

கேபிள் கிலோமீட்டர் கணக்கில் நீண்டால் என்ன செய்வது? அதற்கும் வழி இருக்கிறது. ஒரு துடிப்பை அனுப்பு, அந்தக் கோடியிலிருந்து அதைத் திருப்பி அனுப்பச் சொல், போய்வந்த நேரத்தில் பாதி எடு, ஒருவழித் தாமதம் கையில்! ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் பிறந்த ‘ஒயிட் ராபிட்’ முறை இதையே கண்ணாடி இழையில் ஓயாமல் செய்து, பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆயிரம் போர்டுகளை ஒரு நானோ விநாடிக்குள் கட்டி நிறுத்துகிறது. அடிப்படை என்னவோ எங்கள் மேசைக்கு அடியில் போன அந்த மூன்று ஒயர்தான்: கிளாக், டிரிகர், கிரவுண்ட்.

குமரி மாவட்டத்துப் பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளின் ஆய்வகங்களில் எட்டு சேனல், பதினாறு சேனல் கார்டுகள் பல இருக்கும், தனித்தனி மேசையில், தனித்தனிக் கம்ப்யூட்டரோடு. பேராசிரியர்களே, அடுத்த செமஸ்டரில் அவற்றில் இரண்டையாவது ஒரே மேசைக்குக் கொண்டுவந்து பிள்ளைகள் கையில் கொடுங்கள். மக்களே, நீங்கள் முதலில் ஒரே சிக்னலை இரண்டு கார்டிலும் ஒவ்வொரு சேனலுக்குக் கொடுத்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, இரண்டு கோடும் எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். பிறகு ஒயரை இழுங்கள். கிரவுண்டை மறக்காதீர்கள்.